படுத்துக்கொண்டே ஜெயித்தவள்

மகளை வெளியூர் அனுப்புவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். நான் ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான். என் மனைவி மாற்றும்வரை.

பெரிய பொறியியல் கல்லூரியில் மகளுக்கு இடம் கிடைத்திருந்தது. கை நடுங்குகிறவர்கள் சிந்தாமல் சாப்பிட ஒரு கரண்டி செய்திருந்தாள், பழைய பொம்மை மோட்டாரை வைத்து. அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். பெருமைதான். ஆனால் ஒரே பெண். அவள் போய்விட்டால் இந்த வீட்டில் யார் பேசுவார்கள்? அதைச் சொல்ல வெட்கம். மனைவியிடம் போனேன்.

"கொஞ்ச நாள் படுத்துக்கோ. உடம்பு முடியலைன்னு சொல்லு. அவளே போகமாட்டா."

"நடிக்கணுமா?"

"ஆமா."

"சரிங்க."

உடனே 'சரிங்க' வந்ததுமே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

படுக்கச் சொன்னேன், படுத்தி எடுத்துவிட்டாள். மகள் அடுப்படிக்கு வந்தால், "நீ போய்ப் படி, அப்பா பாத்துப்பார்." சமைத்தேன். துவைத்தேன். மனைவிக்குத் தலை பின்னினேன். கிணற்றுக் கயிறு மாதிரி வந்தது. டம்ளரை நீட்டினால் கை நடுங்கிப் பாதித் தண்ணீர் என் சட்டைக்கு. அடேயப்பா, என்ன நடிப்பு!

"கொஞ்சம் கம்மியா நடிடி," என்று கிசுகிசுத்தேன்.

"வரலைங்க," என்றாள்.

ஒரு காலையில் மகள் பெட்டியோடு வந்து நின்றாள்.

"நான் போறதில்லைன்னுதான் இருந்தேன்ப்பா. அம்மாவை யார் பாத்துப்பாங்கன்னு பயம். இப்ப நீங்களே எல்லாம் பண்றீங்க. அந்தக் கரண்டி இன்னும் பாதி சிந்துது. அங்கே படிச்சாத்தான் சரி பண்ண முடியும்."

"அம்மாவுக்கு ஒண்ணுமில்லைம்மா..." என்று உளறினேன்.

என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள்.

பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினேன். மகளின் மேஜையில் அறுந்த ஒயர்கள் மட்டும் கிடந்தன. வீடு கப்சிப்.

"எழுந்திரு. நாடகம் முடிஞ்சுது," என்றேன் எரிச்சலாக.

எழுந்து உட்கார்ந்தாள். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"இன்னும் எதுக்கு? அவதான் போயிட்டாளே."

"இது நிக்காதுங்க. டாக்டர் சொல்லிட்டார், போகப்போக அதிகமாத்தான் ஆகும்னு. அவளுக்குத் தெரியும். உங்ககிட்ட சொன்னா அதையே சாக்கா வச்சு அவளை நிறுத்திடுவீங்க. அதான்..."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். இறுக்கிப் பிடித்தேன். நிற்கவில்லை.

"அப்போ நீ நடிக்கவே இல்லையா?"

"நடிச்சேனே," என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "உங்க சாம்பாரை முகம் சுளிக்காம சாப்பிட்டேன் பாருங்க, அது நடிப்பு!"