முட்டைக்கு எதற்குக் கால்சியம்?

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் உன் மருமகளான என் பெண்ணும் நலம். அங்கே நீயும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ பார்த்துச் சொன்ன மாப்பிள்ளை வேண்டாம். முப்பத்தைந்து வருடம் மின்சார அலுவலகத்தில் இருந்து திருட்டுக் கரண்டு பிடித்தவன் நான். பையன் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். பட்டப்பகல் பதினோரு மணி, அறை கும்மிருட்டு, உள்ளே இயந்திரங்கள் மட்டும் உர்ரென்று ஓடுகின்றன. இருட்டு வீட்டில் மீட்டர் ஓடினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? "என்னப்பா பண்றே இங்கே?" என்றேன். "மீன் முட்டையைப் பாத்துட்டிருக்கேன், மாமா" என்றான். முதல் சந்திப்பிலேயே மாமா! கரு உண்டானதும் முட்டைக்குள் கால்சியம் அலையாகக் கிளம்புமாம், அந்த அலை வந்தால்தான் முட்டை விழித்துக்கொண்டு ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பிரியுமாம். "மீனுக்கு மட்டுமில்லே மாமா, முதுகெலும்பு உள்ள எல்லாத்துக்கும் ஏறக்குறைய இதே கதைதான்" என்று என்னையும் அந்த முட்டையோடு சேர்த்துவிட்டான். எலும்பே முளைக்காத முட்டைக்கு எதற்கடா கால்சியம்? கால்சியம் பட்டால் மினுங்குகிற ஏதோ ஒன்றை உள்ளே வைத்திருக்கிறானாம். நானும்தான் இரண்டு வருடமாகக் கால்சியம் மாத்திரை விழுங்குகிறேன், என் முழங்கால் ஒருநாளாவது மினுங்கியதா? உன் அக்காவைக் கேள். எதை மறைக்கிறான் பார்த்துவிடுவோம் என்று சுவரைத் தடவிச் சுவிட்சைப் போட்டேன்.

அவ்வளவுதான். இருட்டிலேயே எடுக்க வேண்டிய படமாம், ஒரு வாரப் பாடு போச்சாம். கூட வேலை பார்க்கும் அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பையனோ, "பரவால்லே மாமா, திரும்ப எடுத்துக்கலாம். காபி சாப்பிடறீங்களா?" என்கிறான். வேலையைக் கெடுத்தவனுக்குக் காபி கொடுக்கிறவன் என்ன ஆளாக இருப்பான்? ஒன்று, அங்கே வேலையே நடக்கவில்லை, இல்லாவிட்டால் பலே நடிகன். சுவிட்ச் விஷயத்தை உன் அக்காவிடம் மூச்சு விடாதே.

ஆகவே அவன் வீட்டாரிடம் பக்குவமாக மறுத்துவிடு. உன் வீட்டில் எல்லாருக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உன் மருமகளிடம் முடிவைச் சொன்னேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கடைக்குப் போகச் சொன்னாலே அரைமணி நேரம் வாதாடுகிறவள்! எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. பெண்ணை அழவைத்துவிட்டேனே! மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு உடனே சம்மதம் சொல்லித் தேதி குறித்துவிடு. இதை அவளிடம் சொல்லலாம் என்று இப்போது அறைப் பக்கம் போனேன். போனில், "நீங்க சொன்னபடியே எதிர்த்துப் பேசாம 'சரிப்பா'ன்னுட்டேன், மாமா" என்று சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு மாமா என்று நீ ஒருவன்தானே இருக்கிறாய்?