கேப்டனம்மா உள்ளே வந்த வரலாறு

மனித குலம் இதுவரை சாதித்த பெரிய காரியங்கள் மூன்று. நெருப்பை மூட்டியது, சக்கரத்தை உருட்டியது, பழைய தொலைக்காட்சித் தொடரை மறுபடியும் எடுத்தது. முதல் இரண்டிலும் எனக்குப் பங்கில்லை. மூன்றாவதில் உண்டு.

புதிய 'வான்கலம் ஒன்பது' தொடருக்கு நான்தான் தொடர்ச்சிக் காப்பாளர். பழைய தொடரில் கேப்டனின் தலைக்கவசத்தில் இடது பக்கம் ஒரு கீறல் இருந்ததென்றால், புதிய தொடரிலும் அது இடது பக்கம்தான் இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. இதை லேசாக நினைக்கக் கூடாது. கீறல் வலது பக்கம் போனால் அண்டத்தின் ஒழுங்கே குலைந்துவிடும் என்று தலைமைத் தயாரிப்பாளர் என்னிடம் சொல்லியிருக்கிறார். சம்பள உயர்வு கேட்கப் போன அன்று சொன்னார்.

பழைய தொடரைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால், வாரம் ஒரு நாள் ஊரே வேலையைப் போட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்த தொடர் அது. விண்கலத்துக்கு ஒரு பெண் கேப்டன். கடைசியாக ஒளிபரப்பான பகுதியில் விண்கலத்தின் ஆன்டெனா உடைந்துவிடும். கேப்டன் கவச உடை மாட்டிக்கொண்டு வெளியே போய்ச் சரிசெய்வார். திரும்பி வந்தால் கதவு சாத்தியிருக்கும். உள்ளே இருக்கிற துணை கேப்டன் பயந்துபோய்ச் சாத்தியிருப்பான். கேப்டன் கதவைத் தட்டுவார். தட்டிக்கொண்டே இருப்பார். 'தொடரும்' என்று எழுத்து வரும்.

தொடரவில்லை. அடுத்த வாரம் அதே நேரத்தில் உடம்பு இளைக்கிற இயந்திரத்துக்கு விளம்பரம் வந்தது. அரை மணி நேரம் ஒருவர் நடந்துகொண்டே இருந்தார், எங்கும் போகவில்லை.

அன்று முதல் கேப்டனாக நடித்த நடிகைக்கு வேறு பெயரே இல்லை, கேப்டனம்மாதான். வேறு வேஷமும் இல்லை. குடும்பக் கதை எடுத்த ஒரு இயக்குநர், "உங்களைப் பாத்தா ஜனங்க கதவைத்தான் தேடுவாங்க, மேடம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கேப்டனம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்.

இனி வரலாற்றுக்கு வருவோம். எங்கள் நிறுவனத்தின் உயர்நிலைக் கூட்டத்தில், "புதுசா ஒரு கதை எடுக்கலாமே" என்று ஒரு இளம் எழுத்தாளர் சொன்னார்.

"புதுக் கதையில ஒரு பெரிய குறை இருக்கு தம்பி" என்றார் தலைமை. தலைமைத் தயாரிப்பாளரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். "அதை இதுக்கு முன்னாடி யாரும் பாத்ததில்ல."

மறுக்க முடியாத வாதம். இளம் எழுத்தாளர் இப்போது வானிலை அறிக்கைப் பிரிவில் இருக்கிறார். அங்கே கற்பனைக்கு இடமுண்டு. பொறாமைக்காரர்கள் எங்கள் முடிவை அரைத்த மாவையே அரைப்பது என்பார்கள். நாங்கள் 'மரபுச் சொத்து மீளாக்கம்' என்று பெயர் வைத்தோம். பெயர் வைத்த பிறகு மாவு மாதிரியே தெரியவில்லை.

கேப்டனம்மாவை ஒப்புக்கொள்ள வைக்கத் தலைமையும் நானும் நேரில் போனோம். அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்ததால் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டோம். ஓட்டுகிற இடத்தில் வியர்த்துப்போன ஒரு வங்கி ஊழியர். பக்கத்தில் கேப்டனம்மா, காலடியில் அவருக்கென்று தனி பிரேக்.

"மேடம், அண்டமே உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு" என்றார் தலைமை.

"அண்டம் இருக்கட்டும் சார். பெல்ட்டை மாட்டுங்க. நீங்க கிளட்ச்சை மெதுவா விடுங்க… மெதுவா… சொன்னேன்ல!"

கார் குதித்து நின்றது. தலைமையின் நெற்றி முன்சீட்டில் இடித்தது. அந்த நிலையிலேயே அவர் மீளாக்கத்தின் மகத்துவத்தை விளக்கினார். கேப்டனம்மா கேட்டுக்கொண்டார்.

"வரேன் சார். ஆனா ஒண்ணு. கதவு தொறக்கணும்."

"அதுக்கென்ன மேடம்!"

"முதல் எபிசோட்லயே தொறக்கணும். நான் உள்ள வரணும். காய்கறி வாங்கப் போனா 'உள்ள போயிட்டீங்களா'ன்னு கேக்கறாங்க. என் பொண்ணு கல்யாணத்துல மாப்பிள்ளையோட பெரியப்பா மேடையேறி வந்து அதைத்தான் கேட்டாரு. பொண்ணு மாப்பிள்ளையை வாழ்த்தக்கூட இல்ல. எனக்கே சில நாள் தூக்கத்துல கை தானா கதவைத் தட்டுது சார். ஒரு தடவை உள்ள வந்துட்டேன்னா போதும். அப்புறம் நான் என் பாட்டுக்கு கிளட்ச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருப்பேன்."

"எங்கம்மா மேல சத்தியம்" என்றார் தலைமை.

தலைமையின் அம்மா நல்ல திடகாத்திரமானவர். இம்மாதிரி விஷயங்களுக்கு அவரைப் பயன்படுத்துவது எங்கள் நிறுவனத்தின் வழக்கம். கேப்டனம்மா பள்ளியைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

எங்கள் தொழில் எவ்வளவு விஞ்ஞானபூர்வமானது என்பதை அடுத்த கூட்டத்தில் பார்த்திருக்க வேண்டும். ஆய்வுப் பிரிவுத் தலைவரை எல்லோரும் 'சதவீதம்' என்று கூப்பிடுவோம். அவர் வீட்டில்கூட அப்படித்தானாம். நாற்பது பேரை உட்கார வைத்து, தலையில் ஒயர் ஒட்டி, பழைய கடைசிக் காட்சியைப் போட்டுக் காட்டியிருந்தார். பிறகு கதவு திறப்பது போல ஒரு சித்திரத்தையும் காட்டியிருந்தார்.

"தட்டும்போது கோடு மேல ஏறுது சார், பாருங்க. கதவு தொறந்ததும் பொத்துனு விழுது."

"ஏன் விழுது?"

"நிம்மதி சார். கதவு தொறந்ததும் ஜனங்க நிம்மதி ஆயிடறாங்க."

"நல்லதுதானே?" என்றேன் நான், தெரியாத்தனமாக.

சதவீதம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "நிம்மதியானவன் டிவியை அணைச்சுட்டுத் தூங்கப் போயிடுவான் சார்."

பார்வையாளர்களின் தூக்கத்தைக் கெடுப்பது எங்கள் சமூகக் கடமை. எனவே கதவை முதல் பகுதியிலிருந்து இரண்டாம் பகுதிக்கு 'நகர்த்துவது' என்று தீர்மானம் ஆனது. இரண்டிலிருந்து ஆறுக்கு. ஆறிலிருந்து கடைசிப் பகுதிக்கு. கதவைத் திறக்க மாட்டோம் என்று யாரும் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொள்கை அளவில் அது எப்போதும் திறந்தே இருந்தது.

விஞ்ஞான ஆலோசகர் ஒருவரையும் வைத்திருந்தோம். ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். "சார், அண்டத்துல காத்து கிடையாதே. தட்டற சத்தம் எப்படிக் கேக்கும்னு யாராவது கேட்டுட்டா?" என்று தலைமை கவலைப்பட்டார்.

"வெளிய நிக்கறவங்களுக்குத்தான் கேக்காது" என்றார் பேராசிரியர். "உள்ள இருக்கறவங்களுக்கு நல்லாக் கேக்கும். கலத்தோட சுவர் வழியா சத்தம் வரும்ல? கதவுல காதை வெக்கக்கூட வேண்டாம்."

"அப்ப தொறக்காம இருக்கறதுக்கு ஒரு காரணம் சொல்லணுமே."

"அது விஞ்ஞானம் இல்லீங்களே" என்றார் பேராசிரியர். அவர் 'கௌரவ ஆலோசகர்' ஆக்கப்பட்டார். அதாவது, இனி வர வேண்டாம்.

காரணம் கண்டுபிடிப்பதை எழுத்தாளர் குழு ஏற்றுக்கொண்டது. விண்கலத்துக்குள் இருக்கும் புதிய இளம் மாலுமிகள், கதவைத் திறக்கலாமா என்று ஆராய ஒரு குழு அமைப்பார்கள். குழுவில் யார் யார் இருக்கலாம் என்று முடிவுசெய்ய இன்னொரு குழு. நடுவில் இருவருக்குக் காதல் வரும். எல்லாம் எங்கள் அலுவலகத்தில் நடந்ததுதான். சொந்த அனுபவத்திலிருந்து எழுதினால் எழுத்துக்கு ஒரு தனி உயிர் வரத்தான் செய்கிறது.

படப்பிடிப்பு தொடங்கியது. பெரிய கூடத்தின் நடுவே விண்கலத்தின் வெளிச்சுவர், வெள்ளி வர்ணம் பூசிய மரச்சுவர். அதில் கதவு. கேப்டனம்மா தினமும் சுவருக்கு அந்தப் பக்கத்து வாசல் வழியாக வந்து, கவச உடையில் நுழைந்து, தட்டுவார். இந்தப் பக்கம், சுவருக்குப் பின்னால், நாங்கள் நாற்காலி போட்டு டிவித் திரைகளில் அவரைப் பார்த்துக்கொண்டிருப்போம். டீ உண்டு, பிஸ்கட் உண்டு. கலத்தின் உட்புறக் காட்சிகளை வேறொரு கூடத்தில் எடுத்ததால் கேப்டனம்மா எங்கள் பக்கம் வர வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

ஒவ்வொரு வாரமும் அவர் கேட்பார். "இந்த வாரம் தொறக்குமா சார்?"

"அடுத்த வாரம் மேடம். கண்டிப்பா."

"சரி" என்று தலைக்கவசத்தை மாட்டிக்கொள்வார். என்ன ஒரு தொழில் பக்தி! அதைப் பாராட்டி நாங்கள் தட்டுகிற காட்சிகளை இரண்டு மடங்காக்கினோம்.

ஐந்தாம் வாரம் அவருடைய விரல் முட்டிகள் வீங்கிக் கையுறை ஏறவில்லை. இங்கேதான் என் கடமை குறுக்கிட்டது. பெரிய கையுறை போடலாம் என்று உடை அலங்காரம் செய்கிறவர் சொன்னதை நான் வன்மையாக எதிர்த்தேன். பழைய தொடரில் கை வீங்கியிருக்கவில்லை. பழைய அளவுதான் வேண்டும். ஐஸ் வைத்து, பவுடர் போட்டு, மூன்று பேர் பிடித்து ஏற்றினோம். கேப்டனம்மாவின் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்திக்கொண்டிருந்தது.

ஊரெங்கும் சுவரொட்டி ஒட்டினோம். 'அவர் திரும்பி வருகிறார்!' பார்த்தவர்கள் அழுதார்கள். முதல் பகுதிகள் ஒளிபரப்பானபோது சதவீதத்தின் கோடு கூரையைத் தொட்டது. நிறுவனத்தில் எல்லோருக்கும் ஆளுக்கொரு சாவிக்கொத்து பரிசாகக் கொடுத்தார்கள், விண்கலக் கதவு வடிவத்தில்.

கடைசி நாள் படப்பிடிப்பு. கேப்டனம்மா வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். முகத்தில் பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் களை. "இன்னிக்கு என் மகளும் மாப்பிள்ளையும் வீட்ல டிவி முன்னாடி இப்பவே எடம் புடிச்சு உக்காந்துட்டாங்க சார். இன்னிக்கு எடுக்கறது அடுத்த மாசம்தான் வரும்னு சொன்னாலும் கேக்கல" என்று சிரித்தார்.

தலைமை தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், ஒரு சந்தோஷமான செய்தி. ரெண்டாவது சீசனுக்கு அனுமதி கெடச்சிருச்சு. கதவை அதுல தொறக்கறோம். எங்கம்மா மேல…"

"உங்கம்மா நல்லா இருக்கட்டும் சார்" என்று கேப்டனம்மா தடுத்துவிட்டார்.

பிறகு கதவருகே போய் அதன் ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்தார். மேலே, நடுவே, கீழே. உரிந்த வர்ணத்தைச் சரிசெய்துகொண்டிருந்த தச்சரைக் கூப்பிட்டார்.

"அண்ணே, கீலே இல்லையே இதுல?"

"கீல் கிடையாதும்மா. சும்மா பலகைதான். கதவு மாதிரி கோடு கிழிச்சிருக்கு."

"கழண்டுபோச்சா?"

"இல்லம்மா. ஆரம்பத்துலயே வேண்டாம்னுட்டாங்க. நீங்க நடிக்க ஒத்துக்கறதுக்கு முந்தின வாரம்தான் செஞ்சு முடிச்சேன்."

தச்சரின் பேச்சில் நிர்வாக முதிர்ச்சி போதாது. மரவேலையில் கெட்டிக்காரர், அவ்வளவுதான்.

கேப்டனம்மா கொஞ்ச நேரம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அழுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. அழுதால் முக அலங்காரம் பழைய தொடரோடு ஒட்டாது. அவர் அழவில்லை. "எடுக்கலாம் சார்" என்றார். நாங்கள் நிம்மதியாக எங்கள் பக்கம் போய் உட்கார்ந்தோம்.

இயக்குநர் குரல் கொடுத்தார். கேமரா ஓடியது. திரையில் கேப்டனம்மா தட்டினார். ஒரு தட்டு, இரண்டு தட்டு. எங்கள் டீக்கோப்பைகள் மேஜையில் லேசாகக் கிணுகிணுத்தன. மூன்றாவது தட்டுக்குக் கையை ஓங்கியவர், அப்படியே நிறுத்திவிட்டார். தலைக்கவசத்தைக் கழற்றினார். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, வண்டி திரும்பப் போகிறது என்று மாணவர்களுக்குக் காட்டுவாரே, அப்படிக் காட்டினார். திரையை விட்டு வெளியே நடந்துவிட்டார்.

மரச்சுவரின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றார். கேமராவும் அவர் பின்னாலேயே வந்தது. நிறுத்தச் சொல்ல இயக்குநருக்கு வாய் வரவில்லை. வாய் நிறைய பிஸ்கட்.

கேப்டனம்மா தலைமையைப் பார்த்தார். சதவீதத்தைப் பார்த்தார். எழுத்தாளர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னை, என் மடியிலிருந்த உதிரிக் கையுறையை, மேஜை மேல் கிடந்த சாவிக்கொத்துகளை. பழைய தொடரில் தலைமை நிலையத்துக்குச் செய்தி அனுப்புவாரே, அந்தக் குரல் அப்படியே வந்தது.

"கேப்டன் பேசறேன். உள்ள வந்துட்டேன்."

தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இங்க யாருமே இல்ல."

தலைக்கவசத்தை டீ மேஜை மேல் வைத்துவிட்டு, எங்கள் பக்கத்து வாசல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை கிளட்ச் வகுப்பு நடந்ததாகக் கேள்வி.

"இதை நாலாவது சீசனுக்கு வெச்சுக்கலாம் சார், சும்மா பிச்சிக்கிட்டு ஏறும்" என்றார் சதவீதம் மெதுவாக. தலைமையும் ஆமோதித்தார். ரெண்டாவது, மூணாவது சீசனுக்குக் கேப்டனம்மா தேவையே இல்லை, பதிவு செய்து வைத்திருக்கிற தட்டுகிற சத்தமே போதும் என்றும் முடிவானது. எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் ஒருவன்தான் ஆட்சேபித்தேன். வேலை போனாலும் பரவாயில்லை, கடமை கடமைதான். கேப்டனின் கடைசி வசனம் அப்பட்டமான தொடர்ச்சிப் பிழை. அதை அப்படியே ஒளிபரப்ப முடியாது. யாருமே இல்லை என்று எப்படிச் சொல்லலாம்? அந்தக் கதவுக்குப் பின்னால் நாங்கள் பதினாலு பேர் உட்கார்ந்திருந்தோம். முதல் நாளிலிருந்து அவர் தட்டியது எங்கள் எல்லோருக்கும் நன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தது.