தக்கை நானாவின் நாலு மைல்

மலாயாவின் மூவார் ஆற்றில் படகு ஓட்டியவர்களிலேயே, பாராட்டினால் கோபப்பட்டவர் தக்கை நானா ஒருவர்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கும், ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்த மூவார் ஊருக்கும் நடுவே மோட்டார் படகு ஓட்டினார். நானா என்றால் அண்ணன்; சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. படகின் முன்முனையில் ஒரு தக்கையைத் தண்ணீரில் போடுவார். அது பின்முனையைத் தாண்டும்வரை எண்ணுவார். ஐந்துக்குள் தாண்டினால் மணிக்கு நாலு மைல் என்று கணக்கு.

ஒருமுறை கடல் வற்றி, ஆற்றுத் தண்ணீர் கடலை நோக்கி ஓடும் நேரம். ஆறும் சேர்ந்து இழுக்க, பாதி நேரத்தில் ஊர் சேர்ந்தோம். "இன்னிக்குப் பறந்துட்டீங்க நானா" என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரஸர்.

நானாவின் முகம் சுருங்கிவிட்டது. "என்னிக்கும் போற வேகம்தான் லா. தூக்கிட்டு வந்தது தண்ணி. அதுக்கிட்ட சொல்லுங்க."

ஒரு வாரம் டிரஸரோடு பேசவில்லை.

இப்பேர்ப்பட்டவர் படகில்தான் நான் மாப்பிள்ளையாக ஏறினேன். பெண் வீடு மூவாரில். காலை பத்து மணிக்குள் தாலி கட்டியாக வேண்டும். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிக்குப் பெண்ணா என்று முறுக்கிக்கொண்டிருந்த பெண்ணின் பெரியப்பா, முகூர்த்தம் தவறினால் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

பாதி வழியில் கடல் ஏறி, தண்ணீர் ஆற்றுக்குள் எதிர்த்து வர ஆரம்பித்துவிட்டது. என்ஜின் தொண்டை கிழியக் கத்துகிறது. கரையில் ஒரு வீட்டு வாசலில் காய்ந்த சிவப்புக் கைலி மட்டும் நகரவே இல்லை.

"என்னய்யா, போட்டு நிக்குது?" என்று என் தாய்மாமா எகிறினார்.

நானா நிதானமாகத் தக்கையைப் போட்டு எண்ணினார். "அஞ்சுக்குள்ள வந்திருச்சு. நல்லாத்தான் ஓடுது."

"அப்ப அந்தக் கைலி ஏன் அங்கேயே நிக்குது?"

"நாம தண்ணியில நாலு மைல் போறோம். தண்ணி மூணு மைல் எதுக்க வருது. கரையைப் பாத்தா மிச்சம் ஒரு மைல்தான் நகருறோம். போட்டு மேல தப்பு சொல்லாதீங்க."

"நானா, பத்து தாண்டுனா எனக்குப் பொண்ணு இல்ல" என்றேன்.

நானா சுக்கானைத் திருப்பி, கரையில் வளரும் நீப்பாப் பனையின் ஓலைகள் உரசும் அளவுக்குப் படகைக் கரையோரம் விட்டார். நடு ஆற்றின் வேகம் அங்கே தண்ணீருக்கு இல்லை. ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் சோர்ந்து கிடக்கும் பக்கத்தைத் தேடித் தேடி மாறினார். ஓலை கீறி மாமாவின் தலைப்பாகை ஆற்றோடு போயிற்று. பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தாலி கட்டினேன்.

கட்டி முடிந்ததும் மாமனார் எங்களையும் இழுத்துக்கொண்டு மாலையோடு படகுத்துறைக்கு ஓடினார். நானா கழுத்தைக் கொடுக்கவில்லை.

"எப்பவும் போற நாலு மைல்லதான் வந்தேன். ஓரத்துத் தண்ணி சும்மா கிடந்துச்சு. மாலைய ஆத்துல போடுங்க."

போட்டோம். ஆனால் அது மிதந்து போன பக்கம் நானும் என் மனைவியும் திரும்பவில்லை. அவரைப் பார்த்துத்தான் கும்பிட்டோம்.