சூரிய ராசா கொடுத்த வரம்

இந்த ஞாயிற்றுக்கிழமை தன் குரலைக் கேட்டு டென்மார்க்கில் டோஸ்ட்ருப் தமிழ்ச்சனம் முழுக்க மூச்சுப் பேச்சில்லாமல் போகவேண்டும் என்று பூபாலசிங்கம் முடிவு கட்டிவிட்டார்.

அவருக்குக் குரல் பெரிசு. மற்றதெல்லாம் அளவாகத்தான். கோப்பன்ஹேகனில் ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் பின்னேர வேலை. பாத்திரம் கழுவுகிற மெஷினுக்கு மேலால் கத்திக் கத்தியே அந்தக் குரல் வளர்ந்தது என்று சனம் சொல்லும். உள்ளூர் வானொலியில் ஞாயிறு பின்னேரம் தமிழுக்கு ஒரு மணித்தியாலம் கொடுத்திருந்தார்கள். அதை நடத்துகிற பாலேந்திரா, "பூபாலண்ணை, எகிப்துக் கதை ஒண்டு கசட்டில பேசித் தாங்கோ" என்று கேட்ட நாளிலிருந்து அவர் கக்கூசுக்குப் போவதும் ராசா நடையில்தான்.

கதை, கூட வேலை செய்கிற எகிப்துக்காரன் மஹ்மூத் சொன்னது. 'ரா' என்கிற சூரிய ராசாவுக்கு வயது போய்விட்டது. வாயால் வீணீர் வடிகிறது. இசிஸ் தேவி அந்த வீணீரை மண்ணோடு குழைத்து ஒரு பாம்பு செய்தாள். அவர் போகிற பாதையில் விட்டாள். பாம்பு கொத்த, ராசா துடித்தார். "ஒளித்து வைத்திருக்கிற உங்கள் பேரைச் சொல்லுங்கள், விஷத்தை இறக்குகிறேன்" என்றாள் தேவி. அவருடைய பலம் எல்லாம் அந்தப் பேரில்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் சொல்லிக் கொடுத்தார்.

கேட்ட பூபாலசிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. இப்படியும் ஒரு பொம்பிளையா? உடனே கதையைத் திருத்தினார். பாம்பு தானாக வந்தது. இசிஸ், ராசாவின் பத்தினி ஆனாள். ஒன்றும் கேட்காமல் சுகப்படுத்தினாள்.

"மஹ்மூத் இப்பிடியோ சொன்னவர்?" பிள்ளையின் வாயைத் துடைத்தபடி மனுசி கமலேஸ்வரி கேட்டாள்.

"அவன் சொன்னது அவன்ர சனத்துக்கு. நான் சொல்லுறது எங்கட சனத்துக்கு."

"அப்ப தேவி ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கேட்டவள். நான் வெட்டிப்போட்டன்."

"கேட்டதைக் குடுத்தால் வெட்டத் தேவையில்லை எல்லோ?"

இது கதையைப் பற்றின கதை இல்லை என்று அவருக்கு விளங்கியது. டெனிஷ் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. செவ்வாயும் வியாழனும் காலமை. வருகிற செவ்வாய் போகாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அந்த நேரம் பிள்ளையைப் பார்க்க வீட்டில் இருக்கிற ஒரே ஆள் பூபாலசிங்கம். சாமத்தில் வேலையால் வருகிற அவருக்கோ அது நித்திரை நேரம்.

"நான் டெனிஷ் கதைப்பன்தானே? வீட்டுக்கு ஒராள் போதும்."

"போன மாசம் பிள்ளைக்குக் காது நோவு. நீங்கள் வேலையில. டொக்டருக்குச் சொல்லத் தெரியாமல் என்ர காதைத் தொட்டுக் காட்டினன். அவர் என்ர காதுக்குள்ள மருந்தை விட்டிட்டார்."

"அதால என்ன குறைஞ்சு போச்சு?"

"ஒண்டும் குறையேல்லை. இப்ப நீங்கள் சொல்லுற நொண்டிச் சாட்டெல்லாம் வடிவாக் கேக்குது."

பூபாலசிங்கம் பெரிய ஆயுதத்தை எடுத்தார். "உன்னை இஞ்ச எடுக்க நான் பட்ட பாடு தெரியுமோ? ரெண்டு வருசம்! டெனிஷ் மந்திரி எங்கட விசாப் பேப்பரை இழுத்தடிச்சு, உன்னை ஊரிலயே மறிச்சு வைச்சிருந்தவர்!"

"அவர் மறிச்சது பிழையோ எண்டு இப்ப விசாரணை நடக்குது. நீங்கள் மறிக்கிறதை ஆர் விசாரிக்கிறது?"

ஆள் வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று "இருங்கோ" என்று சொல்லுகிறவள் இவள். இந்த வாய் எங்கே கிடந்தது?

ஆனாலும் கதைக்கு ஒரு பொம்பிளைக் குரல் வேண்டும். வேறு வீட்டுப் பொம்பிளையைக் கூப்பிட்டால் சனம் கதைக்கும். அதனால் தேவியின் ஒரே ஒரு வசனத்தை அவளுக்கே கொடுத்தார்: "சுவாமி, எனக்கு ஒன்றும் வேண்டாம். உங்கள் காலடியே போதும்."

சொன்னாள். போட்டுக் கேட்டால் பிள்ளை இருமினதுதான் கேட்டது.

"காதுக்குள்ள ரீங்காரம் போடுற நுளம்பு உன்னைவிடப் பலமாக் கத்தும்!" என்றார். வேலைக்கு ரயில் பிடிக்கவேண்டும். "உன்ர இடத்தில நாடாவை நிப்பாட்டி வைச்சிருக்கிறன். நீ தடக்குப்படுவாய் எண்டு பெரிய இடைவெளியும் விட்டிருக்கிறன். ரெண்டு பொத்தானையும் சேத்து அமத்திச் சொல்லு. பாலேந்திரா வந்து கசட்டை எடுப்பான். என்ர குரலை மட்டும் அழிச்சுப் போடாதை."

"ஐயோ, உங்கட குரலில ஒரு சொல்லிலயும் கை வைக்கமாட்டன்."

ஞாயிறு பின்னேரம் வீடு நிறையச் சனம். ரோல்ஸ், தேத்தண்ணி. பாலேந்திராவின் மனுசி புஷ்பராணி ரேடியோவுக்குப் பக்கத்திலேயே குந்திவிட்டாள்.

"ஆ! என்னைப் பாம்பு தீண்டியதே!" என்று ரேடியோ அலற, அவளுக்கு ரோல்ஸ் தொண்டையில் சிக்கியது.

"தேவி! விஷத்தை இறக்கு! நீ எது கேட்டாலும் தருகிறேன்! இது சூரியன் மேல் ஆணை!"

பூபாலசிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். இனிக் காலடி வசனம்.

"இஞ்சேருங்கோ," என்றது ரேடியோ.

கண் திறந்தது. இது அரண்மனைத் தமிழ் இல்லையே! கமலேஸ்வரியின் குரலோ வெண்கல மணி.

"செவ்வாயும் வியாழனும் நான் டெனிஷ் பள்ளிக்கூடம் போறன். பிள்ளையை நீங்கள்தான் பாக்கவேணும். நான் வருமட்டும் நித்திரை கொள்ளக்கூடாது. பருப்பைச் சூடாக்கிக் குடுங்கோ."

பூபாலசிங்கம் ரேடியோ மேல் பாய்ந்தார். இந்த ரேடியோவை நிப்பாட்டலாம். டோஸ்ட்ருப்பில் மற்ற ரேடியோவை எல்லாம் ஆர் நிப்பாட்டுவது? கை போய்ச் சேர முதல் அவருடைய சொந்தக் குரலே முழங்கியது:

"அப்படியே ஆகட்டும் தேவி! உன் மனம்போல் நடக்கட்டும்! இந்தப் பூமி உள்ளளவும் என் வாக்கு மாறாது! கொட்டு முரசே!"

டொம், டொம், டொம். அதுவும் அவரே சட்டியில் தட்டினதுதான்.

வீடு முழுக்க ஒரே கைதட்டல். புஷ்பராணிக்குக் கண் கலங்கிவிட்டது. "பூபாலண்ணை, எங்கட இவர் இப்பிடிக் காதுக்குள்ளகூடச் சொல்லமாட்டார். நீங்கள் ரேடியோவில சொல்லிப் போட்டியளே!"

டெலிபோன் அடித்தது. பக்கத்து மாடியில் இருக்கிற பேதுரு.

"டேய், உனக்கென்ன விசரோ? என்ர மனுசி இப்பவே புத்தகப் பை தேடுறாள்!"

பூபாலசிங்கம் வேர்த்து விறுவிறுத்துக் குசினிக்குள் போனார். "என்னடி செய்து வைச்சிருக்கிறாய்?"

"மஹ்மூத் சொன்ன கதையில தேவி கேட்டவள்தானே?" கமலேஸ்வரி தலை நிமிராமல் தேத்தண்ணி ஆற்றினாள். "நீங்கள் வெட்டினதைத் திருப்பி ஒட்டினன்."

"நான் மாட்டன் எண்டால்?"

"சொல்லுங்கோ. ஆனால் என்னட்டை இல்லை. வாற ஞாயிறு ரேடியோவில போய்ச் சொல்லுங்கோ."

செவ்வாய்க்கிழமை காலமை கமலேஸ்வரி குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனாள். உலகாளும் சூரிய ராசா, எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று தெரியாமல், பிள்ளைக்குக் கட்டுகிற பம்பர்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்.