நெஞ்சு வலி வந்த முகூர்த்தம்

இருபத்தெட்டு வயதுவரை நான் ஆற்றில் இறங்கிக் குளித்ததில்லை. நீச்சல் தெரியும், சட்டையைக் கழற்றத்தான் தெரியாது. காவிரியில் புதுத் தண்ணீர் வந்து, குத்தாலத்து நண்பர்கள் எல்லாம் துறையில் ஆட்டம் போடும்போது, நான் கரையில் நின்று அவர்களுடைய செல்போன்களுக்குக் காவல் இருப்பேன். காரணம், என் மார்பு. மற்றபடி சுமாரான உடம்புதான். சாப்பிட்டதெல்லாம் எப்படியோ அங்கே மட்டும் போய்த் தங்கிவிட்டது. (பனியனுக்கு மேல் பனியன் போட்டால் மறையும் என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. சித்திரை வெயிலில் அதைக் கடைப்பிடிக்கத் தனித் தைரியம் வேண்டும்.)

இந்த நிலையில் நன்னிலத்தில் பெண் பார்த்து, ரேவதியை நிச்சயமும் செய்துவிட்டார்கள். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை சட்டையில்லாமல்தான் மணையில் உட்கார வேண்டும். வேட்டி, தோளில் ஒரு பட்டுத் துண்டு, அவ்வளவுதான். எதிரே ஊர் முழுக்க, கூடவே இரண்டு வீடியோ கேமரா.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஜிம்மில் சேர்ந்தேன். மாஸ்டர் என்னைவிட இளையவர். பொறுமையாகச் சொன்னார்.

"நெஞ்சுக் கொழுப்பு மட்டும் தனியா கரையாதுண்ணே. உடம்பு முழுக்கக் குறையும்போதுதான் அதுவும் குறையும். சோத்தைக் குறைச்சு முட்டை, பயறு சேத்துக்குங்க. தினம் நடங்க. நெஞ்சுக்கு வாரத்துல ரெண்டு நாள் எடுத்தா போதும். ஆறு மாசத்துல வித்தியாசம் தெரியும்."

"பன்னெண்டு நாள்ல எவ்வளவு தெரியும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "உங்களுக்கு மட்டும் தெரியும்" என்றார்.

பத்து நாள் அவர் சொன்னபடியே செய்தேன். எனக்கும் தெரியவில்லை. முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பு கண்ணாடி முன்னால் நின்றபோது பயம் வந்துவிட்டது. மாஸ்டர் இல்லாத நேரமாகப் பார்த்து ஜிம்முக்குப் போய், கம்பியில் கண்ணில் பட்ட எடையையெல்லாம் மாட்டி, படுத்துக்கொண்டு தூக்கினேன். வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டுத் தண்டால். எண்ணிக்கை விட்டுப்போனால் மறுபடி ஒன்றிலிருந்து. மாலையில் மார்பு விம்மி நின்றதைப் பார்த்து, ஆறு மாத வேலையை ஒரே நாளில் முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் லேசாக வலித்தது. கல்யாணத்தன்று காலை எழுந்தால், கை தோளுக்கு மேலே வர மறுத்தது. பிரஷ்ஷை அசையாமல் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டித்தான் பல் துலக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

மணையில் உட்கார்ந்தேன். கெட்டிமேளம் முழங்கியது. ஐயர் தாலியை என் கையில் கொடுத்தார். ரேவதி தலை குனிந்தாள். என் கை அவள் முழங்கை உயரம் வரை போய் நின்றுவிட்டது. முகமெல்லாம் வியர்வை.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்றாள், உதடு அசையாமல். அவள் என்னிடம் முதன்முதலாகத் தனியாகப் பேசியது அதுதான்.

"நெஞ்சு வலிக்குது" என்றேன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

ஐயர் தன் தோள் துண்டில் மைக் மாட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது. மேளம் நின்றது. அட்சதையோடு உயர்ந்த கைகள் அப்படியே நின்றன. என் அம்மா அழ ஆரம்பித்தார். பின்வரிசையில் யாரோ, "இந்த வயசுலயா? பொண்ணு வீட்டுக்குச் சொல்லாம மறைச்சுட்டாங்களோ?" என்றார்கள். மாமனார் முகம் வெளுத்துப்போனது.

"யாராவது டாக்டர் இருக்கீங்களா?" என்று என் அக்கா கத்தினாள்.

ரேவதியின் சித்தப்பா எழுந்து வந்தார். டாக்டர்தான், கால்நடை டாக்டர். வாழ்நாளெல்லாம் வாய் பேசாத நோயாளிகளைப் பார்த்த பழக்கம், என்னிடம் எதுவும் கேட்கவில்லை. விரலால் நெஞ்சை ஒரு அழுத்து அழுத்தினார். அலறினேன். அந்தப் பக்கமும் அழுத்தினார். அதே அலறல். கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

"மாப்ள, தண்டால் எடுத்தீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"எத்தனை?"

"எண்ணிக்கை விட்டுப்போச்சுங்க."

இதுவும் மைக்கில் போனது. முதலில் சிரித்தவள் ரேவதி. அப்புறம் மண்டபமே சிரித்தது, அழுதுகொண்டிருந்த அம்மா உட்பட.

"நேரம் போகுது" என்றார் ஐயர்.

மாமனார் என் வலது முழங்கையை ஏந்திக்கொண்டார். சித்தப்பா இடது முழங்கையை. கிரேன் வைத்துத் தூக்கியது போல என் இரண்டு கைகளும் ரேவதியின் கழுத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு முடிச்சுதான் என்னால் முடிந்தது. மற்ற இரண்டையும் அக்கா வழக்கப்படி போட்டாள். (வீடியோவில் அந்த இடத்தில் மாமனாரே தாலி கட்டுவது போலத் தெரியும். அந்தக் கேமராக்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.) என் மார்பை அன்று ஒருவர்கூட கவனிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வலி போக ஐந்து நாள் ஆனது. பிறகு மாஸ்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டு, அவர் சொன்ன ஆறு மாதத்தை ஒன்றரை வருடத்தில் முடித்தேன். மார்பு சிலை மாதிரி ஆகிவிடவில்லை. ஆனால் குறைந்தது, இறுகியது, பழகிவிட்டது.

தை மாதம் அறுவடை முடிந்து நன்னிலம் போனால், மூட்டையை நகர்த்த நான் குனிவதற்குள் மாமனார் ஓடி வந்துவிடுவார்.

"மாப்ள, நீங்க விடுங்க. அப்புறம் தாலி கட்டக் கை வராது."

ரேவதி உள்ளேயிருந்தே பதில் சொல்வாள்: "அந்த வேலைதான் ஒரு தடவையோட முடிஞ்சுபோச்சேப்பா. தூக்கட்டும்."