நந்தியாவட்டையில் நீலக் கண்

கோபிசெட்டிபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் சென்னியப்பன் அவர்களுக்கு, அரங்கசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. அந்தியூரில் தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள்; நாலு நாளாக அங்கேயிருக்கும் தங்கள் தங்கை பழனியாத்தாளும் சுகமாகவே இருப்பாள். இங்கே நான்தான் சுகமில்லை.

அவள் கோபித்துக்கொண்டு வந்ததற்கு என்ன காரணம் சொன்னாளோ தெரியாது. நடந்தது இதுதான். புதன்கிழமை காலை பூப்பறிக்கப் போனவள், "ஏனுங்க, செடி என்னையப் பாக்குதுங்க" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தால் நந்தியாவட்டைக் கிளையில் என் நடுவிரல் நீளத்துக்குப் பச்சையாக ஒன்று, தலைமாட்டில் நீலமாக இரண்டு பெரிய கண், வாலில் மஞ்சள் கொம்பு. முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவன் நான். அப்படியொரு பார்வையை டிக்கெட் எடுக்காதவனிடம்கூடக் கண்டதில்லை. பக்கத்து வீட்டுப் பாலுசாமி மதில்மேல் ஏறி எட்டிப் பார்த்து, "பாம்புக்குட்டிங்க, ரெண்டு நாள்ல படமெடுக்கும்" என்று சொல்லிவிட்டு, இறங்கும்போது எங்கள் பப்பாளிக் கன்றை ஒடித்துப்போட்டார். போனில் படம் பிடித்துத் தேடினேன். அது முதலில் வெண்டைக்காய் என்றது. அடுத்த முறை பொம்மை என்று சொல்லி, எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் காட்டியது. அதற்குள் பாதிச் செடி காலி. பழனியாத்தாள் மருந்தடிக்கும் டப்பாவோடு வந்து, "நானா அதுவான்னு இப்பவே சொல்லிப்போடுங்க" என்றாள். மச்சான், நான் உடனே அவள் பேரைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் பார்த்து அது தலையை உள்ளே இழுத்து, கண்ணை விரித்து என்னைப் பார்த்தது. "கொஞ்சம் பொறு அம்மணி, என்ன பூச்சின்னு தெரிஞ்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். பதினோரு மணி பஸ்ஸில் அவள் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் எங்கள் தெருவில் குடியிருக்கும் மெர்சி டீச்சரைக் கூட்டிவந்து காட்டினேன். பள்ளியில் உயிரியல் எடுப்பவர். "இது புழுங்க சார். அரளி, நந்தியாவட்டையெல்லாம் திங்கும். நீலமா இருக்கறது கண்ணில்லீங்க, குருவியப் பயமுறுத்துற புள்ளி. கடிக்காது. கூட்டுப்புழு ஆகி, அப்புறம் பச்சை அந்துப்பூச்சியாப் பறந்துபோயிருமுங்க" என்றார். கண்ணே இல்லாத கண்ணுக்கு மயங்கி மனைவியை பஸ் ஏற்றிவிட்டேனே என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை அது பழுப்பாகி, செடியைவிட்டு இறங்கி, சருகுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. இப்போது வீட்டில் என்னைப் பார்க்க அதுவும் இல்லை.

ஆகவே தாங்கள் பக்குவமாக எடுத்துச் சொல்லித் தங்கையை அனுப்பிவைக்கவும். இனி எந்தப் பூச்சி வந்தாலும் அவள் சொல்வதே சட்டம். தங்கள் குடும்பத்தில் பெரியவர்களுக்கு என் வணக்கம்; சின்னவர்கள் நோய்நொடியின்றிச் செழிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
அரங்கசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போதே பழனியாத்தாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். மடியில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அதற்குள் மூன்று புழு. உங்கள் அரளியில் இருந்தவையாம். நீங்கள் மருந்தடிக்கப் போனீர்களாம். "அதுங்க மூஞ்சியப் பாத்துமா அண்ணனுக்கு மனசு வந்துச்சு?" என்று கேட்கிறாள். ஒரு மாசத்துக்கு உங்களோடு பேச்சில்லையாம். நான் பக்குவமாக எடுத்துச் சொல்லிப் பார்க்கிறேன். அதுவரை இந்தப் பக்கம் வந்துவிட வேண்டாம்.