சம்பந்தி சாரின் பீரோவுக்கு வரன் தேடிய கதை

உலகத்தின் எந்த மூலைக்கு வேண்டுமானாலும் போய்த் தேடுங்கள், பழைய பொருளை விற்பதில் எங்கள் திண்டிவனம் சம்பந்தி சாரைப் போல ஒரு விவரங்கெட்ட மனிதரைப் பார்க்க முடியாது. பொருளைத் துடைத்துப் புதுசாக்கத் தெரியும். விலை சொல்லத் தெரியும். வாங்க வந்தவரைத் துரத்தாமல் இருக்க மட்டும் தெரியாது.

விழுப்புரத்தில் நான் வேலை பார்க்கிற அலுவலகத்தில் ரெக்கார்டு ரூமை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திண்டிவனத்தில் எனக்கு அடுத்த தெரு. காலை பாசஞ்சரில் ஒன்றாகப் போய், சாயங்காலம் ஒன்றாகத் திரும்புவோம். ரிடையர் ஆன பிறகு பொழுது போகாமல், வீட்டில் சும்மா கிடந்த சாமான்களை ஃபோனில் ஒரு விற்பனை ஆப்பில் போட ஆரம்பித்தார். அப்போது ஒட்டிக்கொண்டதுதான் இந்தப் பெயர். ஏனென்றால் மனிதர் எதையும் விற்கவில்லை, பெண் கொடுத்தார். வாங்க வருகிறவர் அவருக்கு ‘சம்பந்தி வூட்டுக்காரர்’. உட்காரவைத்து, காபி கொடுத்து, என்ன உத்தியோகம், சொந்த வீடா வாடகையா, மழை பெய்தால் ஒழுகுமா என்று ஒன்றுவிடாமல் விசாரிப்பார். பதில் பிடிக்கவில்லையென்றால், “ஜாதகம் பொருந்தலங்க, போய்ட்டு வாங்க” என்று அனுப்பிவிடுவார். டேபிள் ஃபேனுக்கு ஜாதகம்!

தப்பித்தவறி விற்றுவிட்டாலும் விடமாட்டார். ஒரு மாதம் கழித்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மறுவீடு போவார். மயிலம் பக்கம் ஒரு வீட்டுக்கு மிக்ஸியைப் பார்க்கப் போனவர் நேரே சமையற்கட்டுக்குள் நுழைந்து, “இன்னாங்க இது, வயர இப்படி முறுக்கி வச்சிருக்கீங்க? எங்க வூட்ல ரப்பர் பேண்டு போட்டு அழகா வச்சிருந்தேனே!” என்று கேட்டாராம். அதற்குப் பிறகு தெருமுனையில் இவர் தலை தெரிந்தாலே அந்த அம்மா ஓடிப்போய் மிக்ஸிக்கு ரப்பர் பேண்டு போடுகிறாராம்.

அந்த டேபிள் ஃபேனை நானும் கேட்டேன் என்பதைச் சொல்லாமல் விடுவானேன்?

“சார், எனக்குக் குடுங்க சார். தெரிஞ்ச எடம்தானே?”

“தெரிஞ்ச எடம்ன்றதாலதாம்மா யோசிக்கிறேன். நீ என் கொடைய எரவல் வாங்கிக்கினு போயி கம்பிய ஒடிச்சவளாச்சே.”

அது நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. பதினோரு வருஷமாகிறது. என் கல்யாண தேதி என் வீட்டுக்காரருக்கு மறந்துபோகும், குடைக்கம்பி சம்பந்தி சாருக்கு மறக்காது.

இவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் அவருடைய விளம்பரங்களை நான்தான் டைப் அடித்துக் கொடுத்தேன். அவருக்கு ஃபோனில் தமிழ் அடிக்க வராது. சார் சொல்லச் சொல்ல நான் அடிக்க வேண்டும், ஒரு எழுத்தை மாற்றக் கூடாது. ஆப்பில் யாராவது ‘இருக்கா?’ என்று கேட்டால், “‘இருக்கிறேன், தாங்கள் நலமா?’ன்னு போடும்மா” என்பார். “பொருள் இருக்கான்னு கேக்கறாங்க சார், உங்கள இல்ல” என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

இப்படி ஓசியில் ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு, சென்ற வருஷம், ஒரே வாரத்தில் இரண்டு முட்டுக்கட்டை விழுந்தது. சார் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் வந்து, கடைகள் கட்டப் போவதாகவும் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். விழுப்புரத்தில் சாரின் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடியில் சின்னதாக ஒரு வீடு கிடைத்தது. அதன் மாடிப்படி வளைந்து வளைந்து ஏறும். சார் டேப் வைத்து மூன்று தடவை அளந்து பார்த்தார். சாமான்களில் பாதி ஏறாது. பீரோ ஏறவே ஏறாது.

அந்த வாரமே ஆப்காரன் சட்டத்தை மாற்றினான். இனிமேல் மாதத்துக்கு ஒரு விளம்பரம்தான் இலவசம். அதற்கு மேல் போட்டால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம். விற்றாலும் விற்காவிட்டாலும் ஏழு நாளில் விளம்பரம் காணாமல் போகும், மறுபடி கட்டணம் கட்டி மறுபடி போட வேண்டும்.

நான் படித்துக் காட்டியதும் சாருக்கு வந்ததே கோபம்! “இன்னா பேஜாரும்மா இது? கல்யாணம் முடிஞ்சப்புறம் தரகு வாங்கற தரகரப் பாத்திருக்கேன். போட்டோவ வாங்கி பைல வைக்கறதுக்கே தரகு கேக்கறவன இப்பத்தான் பாக்கறேன்!” பிறகு மூலையில் இருந்த முக்காலியைப் பார்த்தார். “இந்த முக்காலிய வித்தா வர்ற காசு அவன் கட்டணத்துக்கே பத்தாதே. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சும்மாவா சொன்னாங்க?”

அன்றைக்கே அவருக்கு ஒரு யோசனை உதித்தது. விளம்பரம்தானே ஒன்று? சாமான் எத்தனை இருந்தால் அவனுக்கென்ன? பீரோ, கிரைண்டர், சைக்கிள், நாற்காலிகள், முக்காலி எல்லாவற்றையும் வாசலில் நிறுத்தி, கல்யாண மண்டபத்தில் எடுப்பதுபோல ஒரு குரூப் போட்டோ எடுத்தார். உயரமானது பின்னால், குள்ளமானது முன்னால். விலை என்ற இடத்தில் ஒரே ஒரு எண்ணைத்தான் போட முடிந்தது. சார் ரொம்ப யோசித்து, முன்வரிசையில் இருந்த முக்காலியின் விலையைப் போடச் சொன்னார்.

“வேணாம் சார், வம்பு” என்றேன்.

“நீ அடிம்மா.”

அடித்தேன். மறுநாள் காலையில் பழைய இரும்புக் கடைக்காரர் குட்டி யானை வண்டியோடு வாசலில் நின்றார். முக்காலி விலையைக் கையில் வைத்துக்கொண்டு, “எல்லாம் சேத்துத்தானே சார் போட்டிருக்கீங்க? ஜல்தியா ஏத்திக்கினு போய்டறேன்” என்று சைக்கிளைத் தூக்கப் போனார். சார் சைக்கிள் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஸ்டாண்டு போட்ட சைக்கிளில், பெல்லை அடித்துக்கொண்டு, ஊரைக் கூட்டிவிட்டார். சாயங்காலத்துக்குள் ஆப்காரனும் ‘ஒரு விளம்பரத்தில் ஒரு பொருள் மட்டுமே’ என்று படத்தைத் தூக்கிவிட்டான். இலவசமும் போயிற்று.

“தரகனுக்கு அழுவறதுக்கு தானமாவே குடுத்துடலாம்” என்று சின்னச் சாமான்களைத் தெருவில் சும்மாவே கொடுத்தார். மறுவீடு வருகிற உரிமை மட்டும் தன்னிடமே இருக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஃபேன் எதிர்வீட்டுக்குப் போனது. எனக்கு அப்போதும் இல்லை!

மிஞ்சியது பீரோ. அவர் மனைவி சீராகக் கொண்டுவந்தது, முழு ஆள் உயரத்துக்குக் கண்ணாடி வைத்த இரும்பு பீரோ. அதைத் தானமாகக் கொடுக்க மனசு வரவில்லை. கட்டணம் கட்டி விளம்பரம் போட்டார். அதில் இப்படி ஒரு வரி இருந்தது: ‘பூட்டுக்கு ஒரு சாண் கீழே இடது முழங்காலால் மெதுவாக ஒரு தட்டு தட்டி, அந்த அதிர்வு அடங்குவதற்குள் சாவியைத் திருப்ப வேண்டும். அவசரக்காரர்கள் வர வேண்டாம்.’

முதல் வாரம் வானூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். தங்கமான மனிதர், சொன்ன விலைக்கே சம்மதம். போகிறபோக்கில், “வெத மல்லாட்டைய எலி வுட மாட்டேங்குது. இதுல கொட்டி வச்சா கவலயில்ல” என்றார். விதை வேர்க்கடலை என்றதும் சாருக்கு முகம் செத்துவிட்டது. “பட்டுப்பொடவ வச்ச எடத்துல மல்லாட்டையா?” ஜாதகம் பொருந்தவில்லை.

ஏழு நாள் முடிந்தது. மறுபடி கட்டணம், மறுபடி டைப். “பழசையே போடாதம்மா, வேற மாதிரி சொல்றேன், அடி” என்பார். எல்லாம் மாறும், முழங்கால் வரி மட்டும் மாறாது. இரண்டாவது வாரம் பொம்மையார்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் வைத்திருக்கும் ஒருவர் வந்தார். “நீல பெயிண்ட் அடிச்சு மாடில வைப்பேன் சார், வெள்ளக்காரங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க” என்றார். அவருக்குக் காபி கூட வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தவர் செருப்பை உள்ளே வைக்கலாமா என்று கேட்டார். அதை நான் விவரிக்க விரும்பவில்லை.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை விளம்பரம் மறுபடி காலாவதியாகிவிட்டது. மறுநாள் வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும். பீரோவை எடுக்காவிட்டால் வீட்டுச் சொந்தக்காரரே பழைய இரும்புக் கடைக்காரரை வரச்சொல்லிவிடுவாராம். சார் ஃபோனை நீட்டி, “இன்னொரு வாட்டி போடும்மா” என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“யாருக்கு சார் போடறது? நாளைக்கு வண்டி வந்து நிக்கப் போவுது! உங்களுக்கு பீரோவ விக்கணுமா, வேணாமா?”

உள்ளே பாத்திரம் கட்டிக்கொண்டிருந்த அக்கா, அதாவது சாரின் மனைவி, “நல்லா கேளு! கொண்டாந்த நானே வுட்டுட்டு வர ரெடியா கீறேன். இந்த மனுசன்தான் மூக்க சிந்திக்கினு கெடக்கறாரு” என்றார்.

சார் பீரோப் பக்கம் திரும்பினார். அப்புறம் அக்காவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: “கல்யாணத்தப்ப அவ மொகத்த நிமிந்து பாக்கக் கூச்சமா இருந்துச்சும்மா. இந்தக் கண்ணாடிலதான் மொதமொதல்ல நல்லா பாத்தேன்.”

கத்தின வாயை நான் மூடிக்கொண்டேன். அழுகையாக வந்தது. நல்லவேளை, “ஏம்மா, பீரோல மேல்தட்டுல ஒரு அட்டப்பொட்டி கீது பாரு, எடு” என்று அக்கா குரல் கொடுத்தார். தப்பித்தேன் என்று போய், பூட்டுக்கு ஒரு சாண் கீழே முழங்காலால் ஒரு தட்டு தட்டி, சாவியைத் திருப்பி, கதவைத் திறந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

சார் வாயைப் பிளந்து நின்றார். அவருடைய மாப்பிள்ளை இரண்டு சாவிகளை உடைத்தும் திறக்க முடியாத பீரோ அது.

“ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?”

“நீங்கதான் சார். வாரா வாரம் கட்டணம் கட்டி என்னைய டைப் அடிக்க வச்சீங்களே!”

அக்கா ஈரக்கையோடு வெளியே வந்து பீரோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். “கைல வெண்ணைய வச்சுக்கினு நெய்க்கு அலைஞ்சிருக்கீங்க” என்றார்.

“கொடைக்கம்பி…” என்று சார் இழுத்தார்.

“யோவ்!” என்றார் அக்கா.

அன்றே நான்கு பேர் பிடித்து பீரோவை எங்கள் வீட்டில் இறக்கினார்கள். “லாஸ்ட் எவ்ளோ சார்?” என்று கேட்டேன். சொன்ன விலையில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. ஆனால் வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு தட்டில் வைத்துத்தான் சாவியைக் கொடுத்தார்.

மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் விழுப்புரத்திலிருந்து இருவரும் மறுவீடு வருகிறார்கள். வாழைப்பழமும் ஒரு சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெயும் வரும். அக்கா பீரோக் கண்ணாடி முன்னால் நின்று பொட்டைச் சரிசெய்வார். சார் கீலுக்கு எண்ணெய் போடுகிற சாக்கில் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வாரம் கதவு கீச்சுக் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பொறுக்க முடியாமல் என் வீட்டுக்காரர் எண்ணெயைத் தேடிக்கொண்டு அலைந்தார். நான் அதை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துவிட்டேன். கத்தட்டும், ஞாயிற்றுக்கிழமை சார் வரும்போது அவருக்கு ஒரு வேலை இருக்க வேண்டாமா?